செவ்வாயின் வயிற்றுக்குள் கேட்ட சத்தம்

“செவ்வாய்ட வயித்துக்குள்ள என்ன கிடக்கெண்டு கேக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு, அண்டைக்கு எங்கட கடலுக்குள்ள நடந்தது ஏன் மனே தெரியாமப் போச்சு?”

என் பெரியப்பா இதைக் கேட்டது 2022 மே மாதத்தில். மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக நாடு கிடந்த நேரம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலேயே நின்றதால் மட்டக்களப்பின் கல்லடியில்கூட மீன் அருமையாகிவிட்டிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கரன்ட் வரும்வரை கதைத்துக்கொண்டிருப்போம். அன்று என் போனில் ஒரு செய்தி வந்தது. மே 4ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் பெரிய நிலநடுக்கம். பூமியைத் தவிர வேறு எந்தக் கோளிலும் மனிதர் அதுவரை பதிந்தவற்றில் அதுதான் பெரியது. பதிந்தது நாசாவின் இன்சைட் விண்கலம். முதலில் 5 என்று சொன்ன அளவைப் பின்னால் 4.7 என்று திருத்தினார்கள். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அந்த விண்கலம் இறங்கிய நாள் முதல் அதன் செய்திகளை விடாமல் வாசித்து வந்தவன். சந்தோசத்தில் உரக்க வாசித்துக் காட்டினேன். இப்படி ஒரு பெரிய நடுக்கத்துக்காகத்தான் மூன்று வருடத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னேன்.

பெரியப்பா நாவலடிக்காரர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவருக்கு நாவலடியில் வீடும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. நிலநடுக்கத்துக்காகக் காத்திருந்தார்கள் என்ற வசனம் அந்த முற்றத்தில் வேறு மாதிரி விழுந்தது. அவர் கோபத்தில் கேட்கவில்லை, குத்தலாகவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றிரவு நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதற்குப் பிறகு இன்சைட் பற்றி எதை வாசித்தாலும் அந்தக் கேள்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காதும் துடுப்பும்

ஒரு கோளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தோண்டிப் பார்க்க வழியில்லை. பூமியில் மனிதர் தோண்டியதிலேயே ஆழமானது ரஷ்யாவின் கோலா துளை. அது 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். பூமியின் ஆரையோ 6371 கிலோமீட்டர். ஆகவே கேட்டுத்தான் அறிய வேண்டும். நிலம் நடுங்கும்போது இரண்டு வகை அலைகள் உள்ளே புறப்படுகின்றன. தள்ளித் தள்ளிப் போகும் அலை வேகமானது, திண்மத்துக்குள்ளும் திரவத்துக்குள்ளும் போகும். குறுக்காக ஆடிப் போகும் அலை பிந்தி வரும், திரவத்துக்குள் நுழையவே நுழையாது. எந்த அலை எப்போது வந்தது, எங்கே வளைந்தது, எங்கே வராமலே போனது என்று பார்த்துப் பார்த்துத்தான் 1906இல் பிரித்தானியப் புவியியலாளர் ஓல்ட்ஹாம் பூமிக்கு நடுவே ஒரு கரு இருக்கிறதென்றார். 1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற விஞ்ஞானி, அந்தக் கருவுக்குள் இன்னொரு கரு இருக்கிறதென்று காட்டினார். இருவரும் காகிதத்தில் பதிந்த கோடுகளை வைத்துக்கொண்டுதான் ஆறாயிரம் கிலோமீட்டர் ஆழத்தைப் பார்த்தார்கள்.

செவ்வாயில் இந்த வேலையை 1976இலேயே தொடங்கினார்கள். வைக்கிங் விண்கலங்கள் இரண்டிலும் நிலஅதிர்வுமானி இருந்தது. முதலாவது கலத்தில் அதைக் கட்டியிருந்த பூட்டுத் திறக்கவில்லை. இரண்டாவதில் திறந்தது. ஆனால் கருவியைக் கலத்தின் மேல்தட்டிலேயே பொருத்தியிருந்ததால் காற்று அடிக்கும் போதெல்லாம் கலம் ஆடியது, கருவி அந்த ஆட்டத்தையே பதிந்தது. எங்கள் வாவியின் பாடும் மீனைக் கேட்கப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்துப் பக்கம் தோணியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் காற்றும் அலையும்தான் காதில் விழும். துடுப்பின் ஒரு நுனியை வாவித் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதோடு சேர்த்து வைத்தால்தான் அடியிலிருந்து வரும் சத்தம் ஏறி வரும். வைக்கிங் தோணியில் இருந்து கேட்டது. இன்சைட் துடுப்பை இறக்கியது.

அது இறக்கிய விதத்தைப் படமாகப் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் அலுக்கவில்லை. 2018 நவம்பர் 26இல் எலிசியம் சமவெளியில் விண்கலம் இறங்கியது. சும்மா தட்டையான, கல்லும் அதிகம் இல்லாத, படம் பிடிக்க ஒன்றுமில்லாத இடம். கேட்க வந்தவர்களுக்கு அதுதான் தோதான இடம். டிசம்பர் 19இல் விண்கலத்தின் கை அந்தக் கருவியைத் தூக்கி, கலத்திலிருந்து ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் தரையில் வைத்தது. வேறொரு கோளின் நிலத்தில் ஒரு யந்திரக் கை நிலஅதிர்வுமானியை வைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு அதைக் கலத்தோடு இணைத்த நாடாக் கம்பி காற்றில் ஆடாதபடி தளர்த்தினார்கள். பெப்ரவரியில் கை இன்னொரு முறை நீண்டு கருவியின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தது. மூடியின் விளிம்பில் சங்கிலி வளையங்களால் கோத்த ஒரு பாவாடை தொங்கும். கல்லும் குழியுமான தரையில் அது தானாகவே படிந்து, காற்று உள்ளே புகாமல் அடைத்துக்கொள்ளும். உள்ளே வெற்றிடமாக்கிய ஒரு தைத்தேனியக் கோளம், அதற்குள் மூன்று ஊசல்கள். ஓர் அணுவின் அகலத்தைவிடச் சிறிய அசைவையும் அவை உணரும்.

அந்தக் கோளத்துக்கும் ஒரு கதை உண்டு. கருவியைச் செய்தது பிரான்ஸின் விண்வெளி நிறுவனம். விண்கலம் 2016 மார்ச்சில் புறப்பட வேண்டியது. 2015 டிசம்பரில் கோளத்துக்குள் மிக நுண்ணியதாகக் காற்றுக் கசிவதைக் கண்டுபிடித்தார்கள். கசிவோடு அனுப்பினால் போய்ச் சேரும், இறங்கும், படமும் அனுப்பும், ஆனால் சரியாகக் கேட்காது. செவ்வாயும் பூமியும் மறுபடி தோதான இடத்துக்கு வர 26 மாதம் எடுக்கும். பயணத்தை நிறுத்தினார்கள். கோளத்தைத் திருத்திச் செய்து 2018 மே 5இல்தான் அனுப்பினார்கள். கசிந்த கோளத்தை ‘சமாளிச்சுப் பாப்பம்’ என்று அனுப்பாமல் விட்ட அந்த முடிவுதான் இந்தப் பயணத்தின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன்.

எல்லாமே சரியாக நடக்கவில்லை. ஜேர்மனியர்கள் செய்த ஒரு கருவி, 40 சென்ரிமீற்றர் நீளமான ஒரு ஊசி, தன்னைத் தானே அடித்து ஐந்து மீற்றர் ஆழம்வரை இறங்கி, உள்ளிருந்து வெளியேறும் வெப்பத்தை அளக்க வேண்டும். அப்படி அடித்து இறங்குவதற்குச் சுற்றியிருக்கும் மண் ஊசியின் பக்கத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்து மண்ணோ கட்டிபிடித்துக் குழியாக நின்றதே தவிர, ஊசியோடு ஒட்டி நிற்கவில்லை. பிடிமானம் இல்லாமல் ஊசி ஒவ்வொரு அடிக்கும் பின்னால் துள்ளியது. கையால் பக்கவாட்டில் நெருக்கினார்கள், மேலிருந்து அமுக்கினார்கள், மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடப் போராட்டம். 2021 ஜனவரியில், ஊசியின் தலை மண்மட்டத்துக்குச் சில சென்ரிமீற்றர் கீழே நின்றபடியே, கைவிட்டார்கள். இதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். எனக்கென்றால், தூரத்திலிருந்து ஒரு கையை அசைத்து மண்ணோடு இப்படிப் பொறுமையாக மல்லுக்கட்டிய அந்த இரண்டு வருடமும் மரியாதைக்குரியது. 2023இல் சந்திரயான்-3, வெப்பத்தை அளக்கும் ஒரு ஊசியை நிலவின் மண்ணுக்குள் சில சென்ரிமீற்றர் செலுத்தியபோது அந்த ஜேர்மன் குழுவின் நினைவுதான் எனக்கு முதலில் வந்தது.

ஒற்றைக் காதால் கேட்பது

முதல் நடுக்கம் 2019 ஏப்ரல் 6இல் கேட்டது. அதற்குப் பிறகு கலம் ஓயும்வரை 1300க்கும் மேற்பட்டவை. அநேகமானவை மிகச் சிறியவை. பூமியில் வந்திருந்தால் கடலலையின் சத்தத்துக்குள்ளேயே தொலைந்துபோகும். செவ்வாயில் கடல் இல்லை என்பதால்தான் அவை கேட்டன. அதுவும் பகலில் அல்ல. பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் சுழலும் எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். மாலையாகிக் காற்று அடங்கிய பிறகுதான் நடுக்கங்கள் வெளியே தெரியும். பட்டியலில் அநேகமான நடுக்கங்கள் மாலையிலும் முன்னிரவிலும் இருப்பதற்குக் காரணம் அதுதான். செவ்வாய் அந்த நேரம் பார்த்து நடுங்கியதல்ல.

நிலஅதிர்வு ஆராய்ச்சிக்கு வழமையாகப் பல நிலையங்கள் தேவை. மூன்று இடங்களில் பதிந்தால் நடுக்கம் எங்கிருந்து வந்ததென்று கோடு போட்டுச் சொல்லிவிடலாம். செவ்வாயில் இருந்ததோ ஒன்றே ஒன்று. முந்தி வரும் அலைக்கும் பிந்தி வரும் அலைக்கும் இடையிலான நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணித்தார்கள். முதல் அதிர்ச்சி எந்தப் பக்கமாகத் தள்ளியது என்பதை வைத்துத் திசையைச் சொன்னார்கள். அப்படிப் பார்த்ததில் பெரிய நடுக்கங்களில் பல ஒரே பக்கத்திலிருந்து வந்தன. கலத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 1600 கிலோமீட்டரில் உள்ள செர்பெரஸ் பிளவுகள் அவை. இந்த 1600 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையில் முதல் பெரிய முடிவுகள் வந்தன. கலத்துக்குக் கீழே மேலோடு இரண்டு படைகளால் ஆனதென்றால் தடிப்பு 20 கிலோமீட்டர், மூன்று படையென்றால் 39 கிலோமீட்டர். அதற்கும் வெகு ஆழத்தில் கரு. நடுக்கத்தின் அலைகள் ஆழத்தில் எதிலோ பட்டுத் திரும்பி வந்திருந்தன. அந்த எதிரொலியை வைத்துக் கருவின் ஆரை 1830 கிலோமீட்டர் என்றும், அது திரவம் என்றும் சொன்னார்கள். செவ்வாயின் ஆரையே 3390 கிலோமீட்டர்தான். எதிர்பார்த்ததைவிடப் பெரிய, அடர்த்தி குறைந்த கரு. வெறும் இரும்பென்றால் அவ்வளவு இலேசாக இருக்க முடியாது. கந்தகம் போன்ற இலேசான மூலகங்கள் அதில் நிறையக் கலந்திருக்க வேண்டும்.

ஒரேயொரு கருவி, ஒரேயொரு இடத்தில் அசையாமல் இருந்துகொண்டு, ஒரு முழுக் கோளின் நடுவைத் தொட்டிருக்கிறது. இதை நான் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், “சரி மனே, அதெல்லாம் வெளங்குது. ஆனா நான் கேட்டது அது இல்லையே” என்றார்.

பல்லேகலையில் பதிந்தது

பதில் எனக்குக் கிடைத்தது செவ்வாயைப் பற்றிய கட்டுரை எதிலும் இல்லை. இன்சைட்டின் பதிவுகளை எப்படி வாசிப்பதென்று படித்துக்கொண்டிருந்தபோது, பூமியின் பெரிய நடுக்கங்களின் பதிவுகளையும் ஒப்பிடுவதற்காகத் தேடினேன். தேடியதில் 2004 டிசம்பர் 26 வந்து நின்றது. பதிந்த நிலையங்களின் வரிசையில் ஒரு பெயர் பல்லேகலை. கண்டிக்குப் பக்கத்தில், உலகளாவிய நிலஅதிர்வு வலையமைப்பின் நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. அன்றும் இருந்தது. அன்றும் வேலை செய்தது.

அந்தக் கோட்டை நான் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து வலமாக ஒரு தட்டையான கோடு. அன்றைய எங்கள் நேரப்படி காலை 6.58க்கு 1600 கிலோமீட்டருக்கு அப்பால், சுமாத்திராவுக்குப் பக்கத்தில், கடலடி கிழியத் தொடங்குகிறது. நாலு நிமிடத்துக்குள் கோடு துடிக்கிறது. அது முந்தி வரும் அலை. பிறகு இன்னும் பெரிதாக ஒரு துடிப்பு. அதற்குப் பிறகு, நிலத்தின் மேற்பரப்போடு உருண்டு வரும் நீண்ட அலைகள் வருகின்றன. கோடு மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போகிறது. இலங்கையின் நிலம் அன்று காலை 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறது. இதை வாசித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு விரல் நீளத்தைவிடக் கூடுதலாக எங்கள் மண் முழுவதும் உயர்ந்து தாழ்ந்திருக்கிறது. அன்று ஞாயிறு, போயா தினம், நத்தாருக்கு மறுநாள். பலர் அப்போதுதான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த அசைவு மிக மெதுவானது, ஒரு ஏற்ற இறக்கத்துக்குப் பல செக்கன்கள் எடுக்கும். ஊரே, மாவட்டமே ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் கோப்பையில் தேத்தண்ணிகூடத் தளும்பாது. அநேகமான ஆட்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கருவிக்குத் தெரிந்தது. அலைகள் நிலத்துக்குள்ளால் நிமிடங்களில் வந்தன. தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்து, ஒன்பது மணியை ஒட்டித்தான் எங்கள் கரைக்கு வந்தது. அந்த இடைவெளியை நான் பல இரவுகள் நினைத்துக் கிடந்திருக்கிறேன். இரண்டு மணித்தியாலத்தில் நாவலடியிலிருந்து நடந்தே ஊருக்குள் வந்துவிடலாம். கல்முனையிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் கரையை விட்டு மேற்கே போவதற்கு அரை மணித்தியாலம் போதும். இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்.

ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நடுக்கம் நடந்து கால் மணித்தியாலத்தில் ஒரு அறிவித்தல் விட்டது. அதில் அளவு 8.0 என்றிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு 8.5 என்று திருத்தினார்கள். உண்மையில் அது 9.1. அவ்வளவு நீளமாகக் கிழிந்த ஒரு நடுக்கத்தை அவ்வளவு விரைவில் அளந்து முடிக்க அன்றைய முறைகளால் முடியவில்லை. அதைவிடப் பெரிய குறை, இந்து சமுத்திரத்துக்கென்று ஒரு எச்சரிக்கை ஏற்பாடே அன்று இல்லாதது. யாரை அழைப்பது, அழைத்தால் அவர் யாருக்குச் சொல்வது, அவர் எப்படி ஒரு கடற்கரைக் கிராமத்துக்குச் சொல்வது என்ற ஒழுங்கு ஒன்றும் இருக்கவில்லை. நிலத்தின் சத்தத்தைக் கேட்கும் காது மலைநாட்டில் இருந்தது. அந்தக் காதிலிருந்து கடற்கரைக்கு வாய் இருக்கவில்லை.

இதைத்தான் நான் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். பதிவை அச்சடித்துக் கொண்டுபோய், இதுதான் நிலம் ஏறிய இடம், இதுதான் இறங்கிய இடம் என்று விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அப்ப கேட்டிருக்கு. சொல்லத்தான் ஆளில்லாமப் போச்சு” என்றார். சற்றுப் பொறுத்து, “மறுகா, செவ்வாயில கேட்டத ஆருக்குச் சொல்றானுகள்?” என்று கேட்டார்.

யாருக்காகக் கேட்பது

இந்தப் பயணத்துக்கு அமெரிக்கா மட்டும் 80 கோடி டொலருக்கு மேல் செலவழித்தது. அந்தக் காசில் எத்தனை சைரன் கோபுரம் கட்டலாம் என்று என் மாணவர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2004இல் நம்மைக் கைவிட்டது அறிவு போதாமை என்று நான் இப்போது நம்பவில்லை. நிலநடுக்க அலை எப்படிப் போகும், சுனாமி எவ்வளவு வேகத்தில் வரும் என்பதெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்தவை. அவற்றைத் தெரிந்துகொண்டது எப்படி? உடனே ஒரு பிரயோசனமும் கிடைக்காத காலத்தில் ஓல்ட்ஹாமும் லேமனும் அவர்களைப் போன்ற நூறு பேரும் கோடுகளை உட்கார்ந்து வாசித்ததால்தான். அந்த அறிவைக் கரைவரை கொண்டுவராமல் விட்டது வேறு ஆட்களின், அரசுகளின் வேலை. செவ்வாயைக் கேட்கிறவர்களிடம் அந்தக் கணக்கைத் தீர்க்கச் சொல்வது சரியல்ல.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கஷ்டமானது. 2004இன் அந்த நடுக்கம் பூமி முழுவதையும் ஊசலாட வைத்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பூமி மிக மிக நுண்ணியதாக விரிந்து சுருங்கும் ஓர் அசைவு மாதக் கணக்கில் அளக்கக்கூடியதாக இருந்தது. அந்த அசைவுகளிலிருந்து பூமியின் உள்ளமைப்பைப் பற்றி முன்னெப்போதையும்விடத் துல்லியமாக அறிந்தார்கள். பெரியம்மாவைக் கொண்டுபோன அதே நடுக்கம்தான். பூமியின் உள்ளே தெரிவது இப்படிப்பட்ட நாட்களில்தான். இதை நான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. செவ்வாயில் மட்டும்தான் ஒரு நடுக்கத்தை மனதாரக் காத்திருக்க முடிகிறது. அங்கே அது யாருடைய வீட்டையும் ஆட்டுவதில்லை. 2022 மே மாதத்து அந்த இரவில் நான் ஏன் அப்படிச் சந்தோசப்பட்டேன் என்பதும் இதற்குப் பிறகுதான் எனக்குத் தெளிவானது. மே 4 அன்று செவ்வாய் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அதிர்ந்துகொண்டிருந்தது. விண்கல் விழுந்ததாக இருக்குமோ என்று நாசா, ஐரோப்பா, சீனா, அமீரகம், இந்தியாவின் இஸ்ரோ என்று எல்லோருடைய சுற்றுக்கலப் படங்களையும் வைத்துப் புதிய குழியைத் தேடினார்கள். குழி இல்லை. நடுக்கம் செவ்வாயின் உள்ளிருந்தே வந்தது என்று 2023இல் முடிவு சொன்னார்கள்.

அந்த நடுக்கத்தின் காரணம்தான் எங்களோடு நேரடியாகச் சம்பந்தப்படுகிறது. சுமாத்திராவில் நடந்தது ஒரு தட்டு இன்னொரு தட்டின் கீழே புகுந்ததால். பூமியின் மேலோடு தட்டுகளாக உடைந்து நகர்கிறது. செவ்வாயில் அப்படி இல்லை. அது ஒரே ஓடு. கோள் குளிர்ந்து சுருங்குவதாலும் உள்ளே மிஞ்சியிருக்கும் சூட்டாலும் அங்கங்கே வெடிக்கிறது. ஒரே காலத்தில், ஒரே வகைப் பாறையிலிருந்து உருவான இரண்டு கோள்கள். ஒன்றில் தட்டு நகர்கிறது, கோள் முழுவதையும் சூழ்ந்த காந்தப்புலம் இருக்கிறது, கடல் இருக்கிறது, சுனாமியும் இருக்கிறது. மற்றதில் இவற்றில் ஒன்றுமே இன்றைக்கு இல்லை. நாங்கள் வாழும் நிலம் ஏன் இப்படி அசைகிறது என்று கேட்டால், அசையாமல் நின்றுபோன ஒரு நிலத்தையும் பார்த்தால்தான் பதில் முழுமையாகும்.

நாங்கள் மின்வெட்டில் இருந்த அதே மாதங்களில் இன்சைட்டுக்கும் மின்சாரம் குறைந்துகொண்டிருந்தது. இறங்கியபோது ஒரு செவ்வாய் நாளுக்கு 5000 வாற்று-மணி கிடைத்தது, 2022 மே மாதத்தில் 500. சூரியப் படல்களைத் தூசு மூடிவிட்டது. படலுக்குப் பக்கத்தில் மணலைத் தூவி, காற்றில் அது உருண்டு தூசைத் தட்டிப்போக வைத்தார்கள். கொஞ்சம் உதவியது, போதவில்லை. ஜூன் மாதத்தில் அவர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகப் பிடித்தது. நிலஅதிர்வுமானியை நிறுத்தினால் கலம் இன்னும் சில மாதம் உயிரோடு இருக்கும். நிறுத்தாமல் விட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் முடியும்வரை கேட்கும். அவர்கள் கேட்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 15இல் கடைசித் தொடர்பு. 21இல் பயணம் முடிந்ததாக நாசா அறிவித்தது.

கலம் நின்றுவிட்டது, வாசிப்பு நிற்கவில்லை. 2021 செப்டெம்பரில் செவ்வாயின் மறுபக்கத்தில் விழுந்த ஒரு விண்கல்லின் அலை, கருவுக்குள்ளாலேயே புகுந்து வந்திருந்ததை 2023இல் காட்டினார்கள். அதே ஆண்டு இரண்டு குழுக்கள், கருவைச் சுற்றி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தடிப்பில் உருகிய பாறைப் படை ஒன்று இருக்கிறதென்றன. அப்படியென்றால் உலோகக் கருவின் ஆரை 1830 அல்ல, 1650க்கும் 1675க்கும் இடையில். 2025இல் சீன விஞ்ஞானிகள் தலைமையிலான குழு ஒன்று, அந்தத் திரவத்தின் நடுவே 600 கிலோமீட்டர் அளவு ஆரையுள்ள திண்மக் கரு இருக்கிறதென்று எழுதியது. முழுவதும் திரவம் என்று சொன்னவர்கள் இதை இலேசில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இரண்டு தரப்பும் வாசிப்பது ஒரே பதிவுகளைத்தான். இன்னொரு காது இருந்திருந்தால் இந்த வாதம் இவ்வளவு நீளாது. செவ்வாயில் இன்னும் மூன்று இடத்திலாவது இப்படிக் கருவி வைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

எங்கள் நாட்டில் இன்று பல்லேகலையோடு ஹக்மன, மகாகனதராவ, புத்தங்கல என்று நான்கு இடங்களில் நிலஅதிர்வுமானிகள் உண்டு. புத்தங்கல அம்பாறையில்தான் இருக்கிறது. கரையில் எச்சரிக்கைக் கோபுரங்களும் இருக்கின்றன. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. அது பக்கவாட்டில் வழுக்கிய நடுக்கம் என்பதால் கடலடி பெரிதாக உயரவில்லை, பெரிய அலையும் வரவில்லை. ஆனால் அன்று காதுக்கும் கரைக்கும் இடையில் வழி இருந்தது. பெரியப்பாவும் அன்று ஓடியவர்தான்.

இந்தத் தவணை என் வகுப்பில் இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கிறேன். ஒன்று பல்லேகலை, 2004 டிசம்பர் 26. மற்றது இன்சைட், 2019இல் செர்பெரஸ் பிளவுகளிலிருந்து வந்த ஒரு நடுக்கம். இரண்டுக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், அந்த 1600 கிலோமீட்டர். இன்சைட்டின் பதிவுகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன, காசு கொடுக்கத் தேவையில்லை. முந்திய அலைக்கும் பிந்திய அலைக்கும் இடையிலுள்ள நேரத்தை மாணவர்கள் அடிமட்டம் வைத்து அளக்கிறார்கள். அளந்த பிறகு அவர்களாகவே கேட்டது, புத்தங்கல நிலையத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். பெரியப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.